9½ மணிப் பயணம் 13 மணி ஆனது எப்படி?

ஆகாயத்திலும் உண்டு வேலி!

ஓர் ஊருக்குப் புறப்படுகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள்.

"எவ்வளவு தூரம்?"

"போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்?"

முதல் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான். ஊர்கள் நகருவதில்லை. இன்றைக்கு உள்ள தூரம்தான் நாளைக்கும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் மாறும். ரோடு நன்றாக இருந்தால் சீக்கிரம் போகலாம். ஆற்றுப் பாலம் உடைந்துவிட்டால் பஸ் சுற்றிக்கொண்டு போகும். நேரம் கூடும்.

"ஆகாயத்தில்தான் ரோடும் கிடையாது, பாலமும் கிடையாதே! அங்கே நேரம் எப்படிக் கூடும்?" என்று கேட்கிறீர்களா?

கூடியிருக்கிறது! ஐரோப்பாவில் ஹெல்சிங்கி என்று ஒரு நகரம். பின்லாந்து நாட்டின் தலைநகரம். ஆசியாவின் கிழக்குக் கோடியில் டோக்கியோ. ஜப்பானின் தலைநகரம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர்.

2022-ம் ஆண்டு பிப்ரவரி வரை இந்தத் தூரத்தை விமானம் சுமார் 9½ மணி நேரத்தில் கடந்தது. அதே ஆண்டு மார்ச்சில் 13 மணி நேரம் ஆயிற்று.

விமானத்தின் வேகம் குறையவில்லை. அது போகும் வழியை ஒரு நாடு மூடிவிட்டது.

நூலும் பந்தும்

இந்த விஷயம் புரிய வேண்டுமானால், முதலில் விமானம் எந்த வழியாகப் போகிறது என்று தெரிய வேண்டும்.

பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பாருங்கள். ஹெல்சிங்கியில் இருந்து டோக்கியோவுக்கு அதில் ஒரு நேர்கோடு போட்டால், அது கஜகஸ்தான், மங்கோலியா, சீனா என்று தெற்கே சாய்ந்து போகும். அதுதான் குறுக்கு வழி என்று தோன்றும்.

அது சரியல்ல. படம் தட்டை. பூமி உருண்டை.

வீட்டில் பந்து இருந்தால் குழந்தைகள் இதைச் செய்து பார்க்கலாம். பந்தின் மேல்பாதியில், இடப்பக்கம் ஒரு புள்ளி வையுங்கள். வலப்பக்கம் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே பந்தின் உச்சிப் பக்கமாக ஏறிக்கொள்ளும். அந்த நூல் போகும் வழிதான் மிகக் குறைந்த தூரம்.

ஹெல்சிங்கி-டோக்கியோ நூலும் அப்படித்தான். அது வடக்கே ஏறி, சைபீரியாவின் பனிக்காட்டைக் கடந்து, பிறகு ஜப்பானுக்கு இறங்கும்.

சைபீரியா யாருடையது? ருஷியாவுடையது.

பின்லாந்தில் இருந்து கிழக்கே போனால் எல்லை தாண்டியதும் ருஷியா. ஜப்பானில் இருந்து மேற்கே பார்த்தால் கடலுக்கு அப்பால் ருஷியா. இரண்டு நாடுகளுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரே! நடுவில் கிடப்பது அவருடைய நிலம்தான். அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தால் இந்தத் தெருவில் இருந்து அந்தத் தெருவுக்கு ஒரு நிமிஷம். சாத்தினால் ஊரைச் சுற்ற வேண்டும்.

வானம் யாருக்குச் சொந்தம்?

வானம் எல்லோருக்கும் பொது என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1944-ம் ஆண்டு, உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, அமெரிக்காவில் சிகாகோ நகரில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடினார்கள். யுத்தம் முடிந்தபின் விமானங்கள் எந்த விதிப்படி பறப்பது என்று பேசினார்கள். டிசம்பர் 7-ந் தேதி 52 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன.

அதன் முதல் விதியே இதுதான்: ஒரு நாட்டு நிலத்துக்கு மேலே உள்ள ஆகாயம் முழுவதும் அந்த நாட்டுக்கே சொந்தம். கரையில் இருந்து சுமார் 22 கிலோமீட்டர் வரை கடலுக்கு மேலே உள்ள ஆகாயமும் அதற்கே சொந்தம். அதற்கு அப்பால்தான் பொது.

ஆகவே வேறு நாட்டு விமானம் மேலே பறக்க வேண்டுமானால் அனுமதி வேண்டும். கட்டணமும் உண்டு. வழிகாட்டுவதற்காகப் பெரும்பாலான நாடுகள் பணம் வாங்குகின்றன. ருஷியா இன்னும் ஒருபடி மேலே போயிற்று. சைபீரியா வழியாகப் போகும் ஐரோப்பிய விமானக் கம்பெனிகள், ருஷிய அரசின் ஏரோபிளாட் விமானக் கம்பெனிக்குத் தனியாகப் பணம் கட்டிவந்தன. "இது என்ன நியாயம்?" என்று ஐரோப்பா பல காலம் முணுமுணுத்தது. ஆனாலும் கட்டியது. சுற்றிப் போவதைவிட அது லாபம்!

துருவத்தைக் கண்டுபிடித்த விமானங்கள்

சைபீரியா வழி இப்போது முதல் முறையாக மூடப்படவில்லை. முன்பு பல ஆண்டுகள் மூடியே கிடந்தது.

1950-களில் ஐரோப்பாவில் இருந்து டோக்கியோ போகிறவர்கள் மேற்கு ஆசியா, இந்தியா, பாங்காக் என்று தெற்கே சுற்றித்தான் போனார்கள். அங்கங்கே இறங்கி, எண்ணெய் நிரப்பி, மறுபடி பறந்து... மொத்தம் சுமார் 50 மணி நேரம் ஆகும். இரண்டு பகல், இரண்டு ராத்திரி!

சோவியத் ஆகாயத்தில் அன்னியர் விமானம் நுழைய முடியாது. அதனால் டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றும் சேர்ந்து நடத்திய எஸ்.ஏ.எஸ். விமானக் கம்பெனி ஒரு யோசனை செய்தது. "கிழக்கே போக முடியாவிட்டால் என்ன? உச்சிக்கு ஏறி அந்தப் பக்கம் இறங்குவோம்!"

1957-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி கோபன்ஹேகனில் இருந்து ஒரு விமானமும் டோக்கியோவில் இருந்து ஒரு விமானமும் கிளம்பின. வட துருவப் பக்கமாகப் போய், அமெரிக்காவின் அலாஸ்காவில் ஆங்கரேஜ் என்ற ஊரில் இறங்கி, எண்ணெய் நிரப்பிக்கொண்டு பறந்தன. 50 மணிப் பயணம் சுமார் 32 மணியாகக் குறைந்தது.

துருவத்தின் மேலே பறப்பது அப்போது சுலபம் இல்லை. அங்கே திசைகாட்டி முள் ஒழுங்காக வேலை செய்யாது. வழி தெரிவதற்கென்று தனிக் கருவி செய்ய வேண்டியிருந்தது. நட்சத்திரங்களையும் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஆங்கரேஜுக்கு யோகம் அடித்தது. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் போய்வரும் விமானங்கள் பல அங்கே இறங்கின. பனி சூழ்ந்த அந்த ஊரின் விமான நிலையத்தில் ஜப்பானியப் பயணிகளுக்காக நூடுல்ஸ் கடைகூட இருந்தது!

இறங்காமலே பறந்த விமானம்

1983-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பின்லாந்தின் பின்ஏர் விமானக் கம்பெனி ஒரு சாதனை செய்தது. அதன் விமானம் ஹெல்சிங்கியில் கிளம்பி, வட துருவம், அலாஸ்கா வழியாக, எங்குமே இறங்காமல் டோக்கியோ போய்ச் சேர்ந்தது. கூடுதல் எண்ணெய்த் தொட்டிகள் பொருத்திய விமானம் அது.

ஆன நேரம்? சுமார் 13 மணி!

துருவத்தைத் தாண்டிய பயணிகளுக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்தார்கள்.

பக்கத்து வீட்டு வழியாகப் போனால் சில மணி நேரம் குறையும் என்பது விமானிகளுக்குத் தெரியும். ஆனால் அந்த வேலியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை அதே 1983-ம் ஆண்டு உலகம் கண்டது.

செப்டம்பர் 1-ந் தேதி தென் கொரிய விமானம் ஒன்று ஆங்கரேஜில் இருந்து சியோல் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. அது வழி தவறி சோவியத் ஆகாயத்துக்குள் புகுந்துவிட்டது. விமானிகளுக்கு அது தெரியவே இல்லை. சோவியத் சண்டை விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. விமானத்தில் இருந்த 269 பேரும் இறந்தார்கள்.

இந்தக் கொடுமைக்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து, அமெரிக்க ஜனாதிபதி ரீகன் ஓர் அறிவிப்புச் செய்தார். ராணுவத்துக்காகச் செய்துவந்த ஜி.பி.எஸ். என்ற வழிகாட்டி ஏற்பாடு, வேலை முடிந்ததும் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்றார். இன்று உங்கள் கைப்போனில் "வலப்பக்கம் திரும்புங்கள்" என்று சொல்கிறதே, அது அந்த ஏற்பாடுதான்.

பின்லாந்துக்கு அடித்த யோகம்

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. சைபீரியா வழி தாராளமாகத் திறந்தது. டாலரும் ருஷியாவுக்கு வேண்டியிருந்தது. ஆங்கரேஜ் வெறிச்சோடியது. ஹெல்சிங்கி எழுந்தது.

ஐரோப்பாவின் மூலையில் கிடக்கும் குளிர் நாடு பின்லாந்து. மக்கள் தொகை சுமார் 56 லட்சம். சென்னை நகரத்தில் இருப்பவர்களைவிடக் குறைவு! ஆனால் அந்த மூலைதான் ஆசியாவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. லண்டனில் இருந்தும் பாரீசில் இருந்தும் வருகிறவர்களை ஹெல்சிங்கியில் மாற்றி ஏற்றி டோக்கியோ, ஷாங்காய், சியோல் என்று அனுப்பினார்கள். நார்வேயின் சால்மன் மீன்கூட இந்த வழியாக ஜப்பானுக்குப் பறந்தது.

இதில் ஒரு நுட்பமான லாபக் கணக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

போக 9½ மணி. வர 9½ மணி. ஆக 19 மணி. நடுவே இறக்கி, ஏற்றி, சுத்தம் செய்ய இரண்டு மூன்று மணி. மொத்தம் 24 மணிக்குள் முடிந்துவிடும். அதாவது, ஒரே ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு தினமும் ஒரு தடவை டோக்கியோ போய்வரலாம்!

ஒரு முதலாளியிடம் ஒரு பஸ் இருக்கிறது. அது காலையில் போய் ராத்திரி திரும்பினால் மறுநாள் காலையில் மறுபடி கிளம்பும். அது திரும்ப மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டால்? தினமும் ஓட்ட இன்னொரு பஸ் வாங்க வேண்டும். பஸ்ஸுக்கே அப்படி என்றால், கோடிக் கணக்கில் விலை உள்ள விமானத்துக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

13 மணி என்றால் போகவர 26 மணி. நாளில் இருப்பதோ 24 மணி!

கதவு சாத்தப்பட்டது

2022-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி ருஷியப் படைகள் உக்ரைன் நாட்டுக்குள் புகுந்தன. (துருவ வழி தொடங்கிய அதே பிப்ரவரி 24! சரியாக 65 ஆண்டுகள்.)

27-ந் தேதி ஐரோப்பிய யூனியன், "ருஷிய விமானங்கள் எங்கள் ஆகாயத்தில் பறக்கக் கூடாது" என்று அறிவித்தது. மறுநாளே ருஷியா பதிலடி கொடுத்தது. 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் ஆகாயத்தை மூடியது. பின்லாந்தும் அதில் ஒன்று.

பின்ஏர் டோக்கியோ விமானங்களை நிறுத்தியது. வழி தேடியது. 1983-ம் ஆண்டு வழியே கண் முன்னால் வந்து நின்றது.

மார்ச் 9-ந் தேதி பின்ஏர் விமானம் மறுபடி டோக்கியோவுக்குக் கிளம்பியது. நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகள், வட துருவம், அலாஸ்கா, பசிபிக் கடல் என்று போயிற்று. 11 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. சுமார் 13 மணி நேரம் ஆயிற்று. பயணிகளுக்குத் துருவம் தாண்டிய நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்தார்கள்!

39 ஆண்டுகளில் எஞ்சின் மாறியது. கம்ப்யூட்டர் வந்தது. எண்ணெய் குறைவாகக் குடிக்கும் புது விமானங்கள் வந்தன. நேரம் மட்டும் பழைய இடத்துக்கே போய் நின்றது.

தெற்கேயும் ஒரு வழி உண்டு. போலந்து, ருமேனியா, துருக்கி, ஜார்ஜியா, அஜர்பைஜான், கஜகஸ்தான், சீனா, கொரியா என்று நாடு நாடாகத் தாண்ட வேண்டும். காற்றைப் பார்த்து இரண்டில் ஒரு வழியை எடுக்கிறார்கள். மேல் ஆகாயத்தில் மேற்கில் இருந்து கிழக்கே பலத்த காற்று வீசும். டோக்கியோ போகும்போது அது முதுகைத் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். ஆகவே திரும்புவதற்குத் துருவ வழி தோதாக இருக்கிறது.

தெற்கு வழியில் ஜார்ஜியா, அஜர்பைஜான் பக்கம் ஒரு சந்து. மேலே ருஷியா. கீழே ஈரான். 2025 ஜூன் மாதம் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோது ஈரான் ஆகாயமும் மூடியது. அந்தச் சந்தில் விமானங்கள் நெருக்கியடித்துக்கொண்டு போயின.

பணம் யார் தலையில்?

மூன்றரை மணி நேரம் கூடுதலாகப் பறப்பது லேசான விஷயம் இல்லை.

முதல் செலவு எண்ணெய். அதிக நேரம் பறக்க அதிக எண்ணெய் ஏற்ற வேண்டும். ஏற்றினால் விமானம் கனக்கும். அந்தக் கனத்தைத் தூக்கவே இன்னும் கொஞ்சம் எண்ணெய் எரியும். எண்ணெய்க்கு இடம் கொடுத்துவிட்டு, சில சமயம் சரக்கைக் குறைக்க வேண்டியும் வரும். வேலை நேரம் கூடுவதால் மாற்றி ஓட்ட விமானிகளும் கூடுதலாக வேண்டும்.

பின்ஏர் கம்பெனிக்கு நல்ல அடி. ஆசியா என்று நம்பி வாங்கிய பெரிய விமானங்களுக்கு வேலை குறைந்தது. சிலவற்றை ஊழியர்களோடு சேர்த்து மற்றக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டது. தன் பார்வையை அமெரிக்கா, இந்தியா, வளைகுடா நாடுகள் பக்கம் திருப்பியது.

வேடிக்கை ஒன்று உண்டு. ருஷியாவின் தடை சீன விமானங்களுக்கு இல்லை. ஷாங்காயில் இருந்து ஹெல்சிங்கிக்கு வரும் சீனக் கம்பெனி விமானம் பழையபடி சைபீரியா வழியாகவே வந்தது. பின்ஏர் விமானம் அதே ஷாங்காய்க்குச் சுற்றிப் போயிற்று. அதே இரண்டு நகரம். அதே தூரம். வாலில் எந்த நாட்டு அடையாளம் இருக்கிறது என்பதைப் பார்த்து நேரம் மாறுகிறது! பின்லாந்துக்காரருக்குக் கோபம் வராமல் இருக்குமா? கூடுதல் செலவை ஓரளவு டிக்கெட் விலையில்தான் எடுக்க முடியும். அப்படி எடுத்தால் பயணி சீன விமானத்தில் ஏறிவிடுவார்.

நம் நாட்டு விமானங்களுக்கும் ருஷியா தடை போடவில்லை. ஏர் இந்தியா டெல்லியில் இருந்து அமெரிக்காவுக்கு ருஷியா வழியாகப் போய்வந்தது. அதிலும் ஒரு சங்கடம் வந்தது. 2023-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி சான்பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானத்தில் எஞ்சின் கோளாறு. 216 பயணிகளோடும் 16 சிப்பந்திகளோடும் ருஷியாவின் கிழக்குக் கோடியில் மகதான் என்ற சிறு நகரத்தில் இறங்கிவிட்டது. மாற்று விமானம் வந்து அவர்களை ஏற்றிச் செல்ல ஜூன் 8 ஆயிற்று. குறுக்கு வழி நல்லதுதான். நடுவழியில் இறங்க நேர்ந்தால் எங்கே இறங்குகிறோம் என்பதும் முக்கியம்.

டெல்லிக்குப் பக்கத்தில் தாஷ்கண்ட்

இது ஐரோப்பாக்காரர் கவலை என்று இருந்துவிட முடியாது. நம் வீட்டு வாசலிலும் ஒரு வேலி இருக்கிறது.

2019-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி, பாலாகோட் தாக்குதலை அடுத்து, பாகிஸ்தான் தன் ஆகாயத்தை மூடியது. ஜூலை 16-ந் தேதிதான் முழுவதுமாகத் திறந்தது. ஜூலை தொடக்கம் வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய மந்திரி ராஜ்ய சபையில் சொன்னார். மூடியவர்களும் தப்பவில்லை. மேலே பறக்கும் விமானங்கள் கட்டும் பணம் நின்றதால் 850 கோடி பாகிஸ்தான் ரூபாய் நஷ்டம் என்று அந்த நாட்டு மந்திரியே கணக்குச் சொன்னார்.

2025-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி காஷ்மீரில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். 24-ந் தேதி பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் ஆகாயத்தை மூடியது. 30-ந் தேதி இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. ஒவ்வொரு மாதமும் தடை நீட்டிக்கப்பட்டது.

டெல்லியில் இருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகும் விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக் கடல் வழியாகச் சுற்றின. சில அமெரிக்க விமானங்கள் எண்ணெய்க்காக வழியில் வியன்னா போன்ற ஊர்களில் இறங்கின.

அவையாவது போய்ச் சேர்ந்தன. தாஷ்கண்டின் கதையைக் கேளுங்கள்.

நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1966-ம் ஆண்டு ஜனவரியில் பாகிஸ்தானுடன் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டு, அன்றிரவே காலமானாரே, அந்த ஊர்தான் தாஷ்கண்ட். இன்று உஸ்பெகிஸ்தானின் தலைநகரம். டெல்லியில் இருந்து சுமார் 1,600 கிலோமீட்டர். டெல்லியில் இருந்து சென்னை சுமார் 1,760 கிலோமீட்டர். ஆக, டெல்லிவாசிக்குச் சென்னையைவிடத் தாஷ்கண்ட் கிட்டம்!

ஆனால் நடுவில் பாகிஸ்தான். வடக்கே சுற்றலாம் என்றால் இமயமலையும் அதற்கு அப்பால் சீனாவின் உயர்ந்த மலைகளும் நிற்கின்றன. மேற்கே சுற்றலாம் என்றால் அரபிக் கடல், ஈரான், துர்க்மெனிஸ்தான் என்று வெகு தூரம். இண்டிகோ கம்பெனி டெல்லி-தாஷ்கண்ட் ஓட்டிய சிறு விமானம் அவ்வளவு தூரம் பறக்காது. ஏப்ரல் 28-ந் தேதி முதல் அந்த விமானத்தை நிறுத்திவிட்டார்கள். கஜகஸ்தானின் அல்மாட்டி விமானமும் அதற்கு முதல் நாளே நின்றது.

உஸ்பெகிஸ்தான் நாட்டு விமானத்துக்கு மட்டும் தடை இல்லை. அது பாகிஸ்தானுக்கு மேலேயே பறந்து, முன்போலவே டெல்லிக்கு வந்து, பயணிகளை ஏற்றிக்கொண்டு போயிற்று.